நெஞ்சில் ஒரு தூதுவன்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மனித உடலில் ஓய்வறியாத உழைப்பாளி ஒருவன் உண்டு. நாம் உண்ணும்போதும் உறங்கும்போதும், வகுப்பில் பாடம் கேட்கும்போதும், கேட்பதுபோல் அமர்ந்திருக்கும்போதும் அவன் தன் வேலையை நிறுத்துவதில்லை. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். இருபது வயது நிரம்பிய ஒரு மாணவனின் இதயம் இதற்குள் எழுபத்தைந்து கோடித் தடவைக்கு மேல் துடித்திருக்கும்.

இதயத்தைக் கவிஞர்கள் அன்பின் இருப்பிடம் என்றனர். உடலியல் அறிஞர்கள் இரத்தத்தை இறைக்கும் எந்திரம் என்றனர். இயற்பியல் மாணவனாகிய எனக்கோ அது ஒரு மின்சுற்றும் ஆகும் என்பது சென்ற ஆண்டுதான் நன்கு விளங்கிற்று. காரணம், என் இடப்பக்கக் காரை எலும்பின் கீழே, தோலுக்கு அடியில், டைட்டேனியம் உலோகத்தாலான சிறு பெட்டி ஒன்று இப்போது குடியிருக்கிறது. பேஸ்மேக்கர் என்று எல்லாரும் அழைப்பது அதனையே. தமிழில் இதயமுடுக்கி என்கிறோம்.

செய்தி அறிந்த நண்பர்கள் கேட்ட கேள்விகள் பல. “உன்னைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?” “கரண்ட் போனால் என்ன ஆகும்?” “அது நின்றால் நீயும் நின்றுவிடுவாயா?” விளையாட்டாகக் கேட்டவர்களும் உண்டு, கேட்க விரும்பியும் என் மனம் நோகுமோ என்று கேளாது விட்டவர்களும் உண்டு. அனைவர்க்கும் ஒருங்கே விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவமனைப் படுக்கையில் எனக்கே எழுந்த ஐயங்களுக்கும், மருத்துவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நான் பெற்ற விடைகளே இவை.

இதயத்தின் சொந்த மின்நிலையம்

இதயத்தில் நான்கு அறைகள் உண்டென்பது பள்ளியிலேயே படித்த செய்தி. மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தர, கீழறைகள் சுருங்கி அதனை நுரையீரலுக்கும் உடலுக்கும் அனுப்புகின்றன. மேலறை முந்த வேண்டும். கீழறை பிந்த வேண்டும். இந்த ஒழுங்கை நடத்துவது எது? மூளை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அன்று. உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளையின் இதயமும் தக்க உப்புக் கரைசலில் சிறிது நேரம் தானே துடித்துக்கொண்டிருப்பதை விலங்கியல் நண்பர்கள் அறிவர். நரம்புகள் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். துடிப்பைத் தோற்றுவிப்பது இதயமேதான்.

வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்னும் சிறு திசுத் திரள் ஒன்று உள்ளது. 1907ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் இதனை விவரித்தனர். இயற்கை நமக்கு அளித்த பேஸ்மேக்கர் இதுவே. இங்குப் பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி அவற்றைச் சுருங்கச் செய்கிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத நார்த்திசுச் சுவர் ஒன்று இருக்கிறது. அதைக் கடக்க ஒரே ஒரு வாயில்தான். அந்த வாயிலில் இருக்கும் இரண்டாம் கணுவை 1906இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா விளக்கினார். செய்தி இக்கணுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடி தாமதிக்கிறது. கீழறைகளில் இரத்தம் நிரம்ப அந்தத் தாமதமே இடம் தருகிறது. பின்னர் ஹிஸ் கற்றை என்னும் இழைகளின் வழியே செய்தி கீழிறங்கிக் கீழறைகள் முழுவதையும் ஒருசேரச் சுருங்கச் செய்கிறது.

இம்மின் நிகழ்ச்சியைத் தோலின் மேலிருந்தே அளந்து தெளிவாக வரையும் முறையை வளர்த்தவர் ஹாலந்து நாட்டு ஐந்தோவன். இதற்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிட்டியது. நாம் ஈ.சி.ஜி. என்று எடுத்துக்கொள்வது அந்த வரைபடமே. அவர் கையாண்ட கருவி நம் ஆய்வகத்துக் கால்வனாமீட்டரின் நெருங்கிய உறவு என்பது இயற்பியல் துறையினர் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

செய்தி அறுந்தபோது

எனக்கு நேர்ந்தது இதுதான். சைனஸ் கணு தன் கடமையைச் செவ்வனே செய்தது. நிமிடத்திற்கு எண்பது முறை ஆணை பிறந்தது. மேலறைகளும் எண்பது முறை சுருங்கின. ஆனால் அந்த வாயில் அடைபட்டுப் போயிருந்தது. ஓர் ஆணைகூடக் கீழே இறங்கவில்லை. மேலிருந்து செய்தி வாராதபோது கீழறைத் திசு தானே ஒரு மெதுவான துடிப்பைத் தொடங்கிக்கொள்ளும். இயற்கை வைத்த மாற்று ஏற்பாடு அது. அந்த வேகம் பொதுவாக நிமிடத்திற்கு இருபது முதல் நாற்பதுதான். என் நாடி முப்பத்தெட்டு. மேலே எண்பது, கீழே முப்பத்தெட்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லை. இதனை முழு இதயத் தடை என்கின்றனர்.

அமர்ந்திருக்கையில் முப்பத்தெட்டு போதுமானதாக இருந்தது. மாடிப்படி ஏறினால் கண் இருண்டது. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் உடற்பயிற்சியின்போது மயங்கி விழுந்தபின் எடுத்த ஈ.சி.ஜி. உண்மையைச் சொல்லிற்று. முதியவர்களுக்கு மின்பாதை நாளடைவில் தேய்வதால் இத்தடை வருவதுண்டு. மாரடைப்பாலும், இதய அறுவையாலும், சில தொற்று நோய்களாலும் வருவதுண்டு. எனக்குப் பிறவியிலேயே இருந்திருக்கக்கூடும் என்பது மருத்துவர் கருத்து.

வாயிலைத் திறக்கும் மருந்து எதுவும் இல்லை. மேலறையின் செய்தியைக் கீழறைக்குக் கொண்டு சேர்க்க வேறு தூதுவன் வேண்டும். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் துணையால் அத்தூதுவன் என் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தான்.

பெட்டியும் கம்பியும்

பேஸ்மேக்கர் என்றதும் நெஞ்சைப் பிளந்து இதயத்தின்மேல் பொருத்தும் கருவி என்று என் வீட்டார் அஞ்சினர். அஃது உண்மையன்று. காரை எலும்பின் கீழ் இரண்டங்குல அளவே கீறினர். அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தமையால் அறுவை நடக்கும்போதே மருத்துவருடன் பேசிக்கொண்டிருந்தேன். அங்குள்ள சிரை ஒன்றின் வழியே இரண்டு மெல்லிய கம்பிகளை நுழைத்து, எக்ஸ்-கதிர்த் திரையில் பார்த்தபடியே ஒன்றன் முனையை வலது மேலறையிலும் மற்றதன் முனையை வலது கீழறையிலும் சேர்த்தனர். கம்பியின் மறுமுனைகளைப் பெட்டியில் செருகித் திருகாணி முடுக்கித் தோலை மூடித் தைத்தனர். எனக்கு எல்லாம் ஒன்றரை மணி நேர வேலை.

பெட்டியின் எடை ஏறத்தாழ 25 கிராம். அளவில் கைக்கடிகாரத்தின் முகப்பைப் போன்றது. உள்ளே பாதிக்கு மேல் மின்கலம்; எஞ்சிய இடத்தில் மின்னணுச் சுற்று. டைட்டேனியத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அதை உடல் பகையாகக் கொள்வதில்லை; உடல்நீரில் அது அரிபடுவதுமில்லை. கம்பி என்பது சுருள்வில் போல் சுற்றிய உலோக இழை. நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை வளைந்து நிமிர வேண்டியிருப்பதால் நேர்க்கம்பி உதவாது, விரைவில் முறிந்துவிடும். அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் உறை. முனையில் பிளாட்டினக் கலவையாலான மின்வாய். அம்முனையிலிருந்து சிறிது சிறிதாகக் கசியுமாறு ஸ்டீராய்டு மருந்தும் வைத்திருக்கின்றனர். முனை தைத்த இடத்தில் வீக்கம் கண்டால் மின்துடிப்புக்குத் தடை மிகும். அதைத் தணிக்கவே இம்மருந்து.

முதலில் கேட்கும், பிறகே பேசும்

இனிக் கட்டுரையின் உயிர்நாடியான பகுதிக்கு வருவோம். முடுக்கி என்னும் பெயர் நம் மனத்தில் ஒரு தவறான படத்தை எழுப்புகிறது. மோட்டார் ஒன்று இயந்திரத்தைச் சுழற்றுவதுபோல் இப்பெட்டி இதயத்தை ஓட்டுகிறது என்றே நானும் எண்ணி அஞ்சிக் கிடந்தேன். அறுவைக்கு முந்தின நாள் மருத்துவர் கூறிய ஒரு வாக்கியம் அந்த அச்சத்தைப் போக்கிற்று. “தம்பி, இது உன் இதயத்தை ஓட்ட வரவில்லை; காது கொடுத்துக் கேட்க வருகிறது.”

இதயம் துடிக்கும்போது கம்பியின் முனையில் மேலறையில் சில மில்லிவோல்ட்டும், கீழறையில் அதனினும் சற்று மிகுதியாகவும் மின்னழுத்தம் தோன்றும். பெட்டி அதனை உணர்கிறது. அதாவது, செய்தி கொண்டுபோகும் அதே கம்பியே செய்தி கொண்டுவரவும் செய்கிறது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. என் மேலறை சுருங்கியவுடன் பெட்டி அதைக் கேட்டுக் காலத்தைக் கணக்கிடத் தொடங்கும். இயற்கையான பாதை செய்தியைக் கீழே சேர்க்கிறதா என்று 150 மில்லி நொடி வரை காத்திருக்கும். அதற்குள் கீழறை தானே துடித்துவிட்டால் பெட்டி வாய் திறவாது. துடிக்கவில்லையெனில், அப்போதே ஒரு சிறு மின்துடிப்பைக் கீழறைக்கு அனுப்பும். மேலறையே நெடுநேரம் மௌனமாயிருந்தால் முதலில் அதைத் தூண்டிப் பின்னர்க் கீழறையைக் கவனிக்கும். என் பெட்டியில் வைத்துள்ள கீழெல்லை நிமிடத்திற்கு அறுபது.

இதன் விளைவு என்ன? நான் மாடி ஏறும்போது என் சைனஸ் கணு தன் வேகத்தை நூறாக்குகிறது. பெட்டியும் நூறு முறை கீழறைக்குச் செய்தி சொல்கிறது. நான் உறங்கும்போது கணு மெதுவாகிறது; பெட்டியும் மெதுவாகிறது. தேர்வு முடிவைப் பார்க்கும்போது என் நெஞ்சு படபடத்தால், அந்தப் படபடப்பும் என்னுடையதே, பெட்டியினுடையது அன்று! ஆணையிடும் அரசன் பழைய அரசன்தான். அறுந்துபோன பாலத்தின் குறுக்கே ஓலை கொண்டு ஓடும் தூதுவனே இப்பெட்டி. தூதனுக்கு ஒரு மேலெல்லையும் உண்டு. மேலறை நோயினால் தறிகெட்டு ஓடினால் அத்தனை ஆணைகளையும் அவன் கீழே கொண்டு செல்ல மாட்டான். என் பெட்டியில் அந்த எல்லை 150.

எல்லா நோயாளிகளுக்கும் இதே ஏற்பாடு அன்று. சைனஸ் கணுவே சோர்ந்துவிட்டவர்களுக்கு ஆணை பிறப்பிக்கும் பொறுப்பும் பெட்டிக்கே வரும். அவர்கள் நடப்பதையும் ஓடுவதையும் அறிய, உடலின் அசைவை உணரும் பொறி ஒன்று உள்ளே இருக்கும். சிலருக்கு ஒரே கம்பி போதும். இதயம் தளர்ந்தவர்களுள் சிலருக்கு மூன்று கம்பிகள் வேண்டும். தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்ட நண்பர் நினைத்தது வேறொரு கருவியை. உயிருக்கு ஆபத்தான படபடப்பு நேர்ந்தால் பெரிய மின்னதிர்ச்சி தந்து இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி அது. மிஷெல் மிரௌஸ்கி என்பாரின் முயற்சியால் 1980இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. என் பெட்டி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. என்னோடு அச்சமின்றிக் கைகுலுக்கலாம்.

இக்கருவி வந்த வழி

“கரண்ட் போனால் என்ன ஆகும்?” என்பது இன்று நகைச்சுவை. ஒரு காலத்தில் அது நகைப்புக்குரியதாக இல்லை. 1952இல் அமெரிக்க மருத்துவர் பால் சோல் மார்பின்மேல் மின்வாய்களை வைத்து இதயத்தைத் தூண்டிக் காட்டினார். அக்கருவி மேசைமேல் இருந்தது, சுவரிலுள்ள மின்சாரத்தை நம்பி இருந்தது, தோலையும் சுட்டது. நோயாளி மின்கம்பியின் நீளத்திற்கு மேல் நடக்க முடியாது. 1957 அக்டோபர் 31இல் மினியாபொலிஸ் நகரில் மின்தடை ஏற்பட்டது. அங்கே குழந்தைகளுக்கு இதய அறுவை செய்துவந்த வால்டன் லில்லெஹை, மின்சாரத் தடையால் நிற்காத கருவி ஒன்று வேண்டும் என்று ஏர்ல் பேக்கன் என்னும் பொறியாளரைக் கேட்டார். பேக்கன், மின்னணு இதழ் ஒன்றில் வந்திருந்த இசைத்தாளக் கருவியின் சுற்றை மாற்றியமைத்து, டிரான்சிஸ்டரும் மின்கலமும் கொண்டு கையடக்கமான பெட்டியைச் சில வாரங்களில் செய்து கொடுத்தார். தாளத்திற்காக வரைந்த சுற்று இதயத் துடிப்புக்கு உதவியது.

மறு ஆண்டு, 1958 அக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டில் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் முதன்முதலாகக் கருவி முழுவதும் உடலுக்குள் வைக்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங். கருவியைச் செய்த பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட். நோயாளி ஆர்னே லார்சன், வயது 43, நாள்தோறும் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். அவர்தம் மனைவி விடாது வேண்டியதாலேயே இருவரும் இம்முயற்சியில் இறங்கினர். முதற்பெட்டி சில மணி நேரமே உழைத்தது. உடனே இரண்டாவதை வைத்தனர். பிறகு மூன்றாவது, நான்காவது என்று தம் வாழ்நாளில் 26 பெட்டிகளை மாற்றிக்கொண்ட லார்சன், 2001 டிசம்பரில் தம் 86ஆம் வயதில் மறைந்தார். மறைவுக்குக் காரணம் இதயமன்று. தமக்கு உயிர் தந்த மருத்துவரையும் பொறியாளரையும் விட அவர் நெடுநாள் வாழ்ந்தார் என்பதை இருபது வயதுப் புது நோயாளி ஒருவன் படிக்கும்போது அவன் நெஞ்சில் எழும் ஆறுதலைச் சொல்லி விளக்க இயலாது.

அக்காலப் பெட்டிகள் கேட்கத் தெரியாதவை. இதயம் தானே துடித்தாலும் துடிக்காவிட்டாலும் ஒரே கதியில் தூண்டிக்கொண்டிருக்கும். இதயத்தின் சொந்தத் துடிப்பை அடுத்த ஓய்வு நேரத்தில் தவறான கணத்தில் தூண்டல் விழுந்தால் தாளம் குலைந்து ஆபத்தாகவும் முடியலாம். கேட்டுவிட்டுத் தேவையானால் மட்டும் பேசும் கருவியை பாரூ பெர்க்கோவிட்ஸ் 1960களில் உருவாக்கிய பின்னரே, இன்று என் நெஞ்சிலிருக்கும் பெட்டிக்கு வழி பிறந்தது. கம்பியே இல்லாமல் கீழறைக்குள்ளேயே நிறுத்தும் சிறு உருளைக் கருவிகளும் 2012 முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டு வருகின்றன.

மின்கலம் எத்தனை நாள் உழைக்கும்?

“பெட்டி நின்னுட்டா என் பிள்ளை என்னாவான்?” என்பதே என் தாயார் கேட்ட முதற் கேள்வி. கணக்குப் போட்டுத்தான் அவருக்கு விடை சொன்னேன்.

தூண்டலின் அழுத்தம் 2.5 வோல்ட், நீடிக்கும் காலம் 0.4 மில்லி நொடி. கம்பியும் இதயத் திசுவும் சேர்ந்து தரும் மின்தடை ஏறத்தாழ 500 ஓம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர். ஒரு தூண்டலுக்குச் செலவாகும் ஆற்றல் 5 மைக்ரோ ஜூல். ஒரு மில்லிகிராம் எடையுள்ள துகளை அரை மீட்டர் உயர்த்தப் போதுமான ஆற்றல் இது, அவ்வளவே! இதயத் தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றல் இரத்தத்திலிருந்து வருகிறது. பெட்டி தருவது தொடங்கலாம் என்னும் ஒரு சைகை மட்டுமே.

தூண்டலுக்கும், ஓயாது கேட்டுக் கணக்கிடும் சுற்றுக்குமாகச் சராசரி 10 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் செலவாகிறது என்று கொள்வோம். மின்கலத்தின் கொள்ளளவு ஓர் ஆம்பியர்-மணி. வகுத்தால் ஒரு லட்சம் மணி நேரம். அதாவது பதினோர் ஆண்டுகளுக்குச் சற்று மேல். இதே அளவு மின்னூட்டத்தைக் கைவிளக்கின் 0.3 ஆம்பியர் பல்பு மூன்றரை மணி நேரத்திற்குள் தீர்த்துவிடும். நடைமுறையில் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் என்கின்றனர் மருத்துவர்கள்.

தொடக்க காலத்துப் பாதரச மின்கலங்கள் ஏறத்தாழ இரண்டாண்டு உழைத்தன, வாயுவையும் வெளிவிட்டன, ஆகவே பெட்டியை முற்றிலும் மூடி முத்திரையிட இயலவில்லை. 1972 முதல் லித்தியம்-அயோடின் மின்கலங்கள் வழக்கிற்கு வந்தன. இவை வாயுவை வெளிவிடுவதில்லை. இவற்றின் அகமின்தடை பையப் பைய உயர்வதால், முடிவு நெருங்குவது பல மாதங்களுக்கு முன்பே சோதனையில் தெரிந்துவிடும். அப்போது பழைய கம்பிகளை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். எழுபது வயது வரை நான் வாழ்ந்தால் ஐந்தாறு முறை மாற்ற வேண்டியிருக்கும். இருபத்தாறு மாற்றிய லார்சனை நினைத்தால் இது பெரிதன்று!

ஆறு மாதங்களுக்கு ஒரு முறை சோதனைக்குச் செல்கிறேன். மார்பின்மேல் ஒரு சிறு கருவியை வைத்தால் அது பெட்டியோடு கம்பியின்றிப் பேசும். தூண்டல் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவர். எந்த அழுத்தத்தில் இதயம் செவிசாய்க்கத் தவறுகிறதோ, அதற்குச் சற்று மேலே உள்ளதே தூண்டல் வரம்பு. அதற்கு இரு மடங்கேனும் இருக்குமாறு அழுத்தத்தை வைப்பது வழக்கம். புண் ஆறும்போது வரம்பு உயரக்கூடும் என்பதால் முதல் மூன்று மாதங்கள் எனக்கு 3.5 வோல்ட் வைத்திருந்தனர், பின்னர் 2.5 ஆகக் குறைத்தனர். ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இக்குறைப்பால் தூண்டல் செலவு ஏறத்தாழப் பாதியாயிற்று. நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரம் ஒன்று மனிதனின் ஆயுட் கணக்கிலும் புகுவதை அன்று கண்ணாரக் கண்டேன்.

ஆய்வகத்தில் நான் நிற்கலாமா?

வீடு திரும்பியதும் பெரிய கேள்வி ஒன்று காத்திருந்தது. “காந்தமும் கரண்டும் இருக்கற படிப்பு உனக்கு வேண்டாம் சாமி, வேற ஏதாச்சும் படிச்சுக்கலாம்” என்றார் அம்மா. அவர் அச்சத்திலும் பொருள் இருந்தது. பெட்டியின்மேல் காந்தத்தை வைத்தால் அது கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே கதியில் தூண்டத் தொடங்கும். மருத்துவர்கள் வேண்டும்போது பயன்படுத்தவென்றே வைத்த ஏற்பாடு இது. காந்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பெட்டி கெட்டுப் போவதில்லை.

எவ்வளவு காந்தப்புலம் பெட்டியை இவ்வாறு மாற்றும்? ஏறத்தாழ 10 காஸ் என்றார் மருத்துவர். நம் ஊரில் புவியின் காந்தப்புலமோ 0.4 காஸ் அளவே. காந்த விலகல்மானி கொண்டு நாம் செய்யும் சோதனைகளில் உள்ள சட்டக் காந்தத்தின் திருப்புத்திறனை ஓர் ஆம்பியர்-சதுர மீட்டர் என்று கொண்டு, 15 சென்டிமீட்டர் தொலைவில் புலத்தைக் கணக்கிட்டேன். 0.6 காஸ் வந்தது. தொலைவு இரு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகும் என்பது நாம் அறிந்ததே. கணக்குத் தாளை மருத்துவரிடம் காட்டியபோது அவர் மகிழ்ந்து, காந்தங்களை மார்பிலிருந்து ஒரு முழத் தொலைவில் வைத்து வேலை செய்யலாம் என்றும், பெரிய மின்காந்தத்தையும் தூண்டு சுருளையும் தவிர்க்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தார். துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டு, “அந்த இரண்டு சோதனைக்கும் அளவுகளைக் கூட்டாளி எடுக்கட்டும், கணக்கை நீ போடப்பா” என்றார். அம்மாவிடமும் அந்தத் தாளைக் காட்டினேன். சூத்திரம் அவருக்குப் புரியவில்லை. ஆயினும் நான் அஞ்சாமல் பேசியது புரிந்தது. நான் இயற்பியல் மாணவனாகவே தொடர்ந்தேன்.

அன்றாட வாழ்வில்

நம்மில் பலர் வீட்டிலும் இக்கருவி பொருத்திய தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் அப்பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது; பளு தூக்கலாகாது. கம்பி முனையைத் திசு பற்றிக்கொள்ளும் காலம் அது. ஆனால் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு, தோள் இறுகிவிடும்.

செல்பேசியைச் சட்டைப் பையில், பெட்டிக்கு மேலே வைக்கலாகாது. 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மறுபக்கக் காதில் வைத்துப் பேசலாம். மின்தூண்டல் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நலம். மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்சி, குளிர்ப்பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் அவற்றால் தீங்கில்லை. மின்வெல்டிங் வேலை வேண்டாம்.

எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமெனில் பெட்டியும் கம்பிகளும் அதற்கு ஏற்றவையா என்று முன்னரே அறிந்து, பெட்டியைத் தக்க நிலையில் மாற்றிய பின்னரே எடுக்க வேண்டும். பல் மருத்துவர் உட்பட எந்த மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருவியின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் அதைக் காட்டினால், கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியைப் பெட்டியின்மேல் நிறுத்திவைக்க மாட்டார்கள்.

தையலிட்ட இடம் சிவந்து வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், பழையபடி மயக்கம் வந்தாலும், விடாத விக்கல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவி பொருத்தியவர் இறக்க நேரிட்டால், தகனத்திற்கு முன் பெட்டியை அகற்றச் செய்ய வேண்டும். தீயின் வெப்பத்தில் மின்கலம் வெடித்துவிடும். சொல்லத் தயங்கும் செய்திதான்; ஆயினும் அறிந்திருக்க வேண்டியது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நான் விளையாடலாம், சைக்கிள் ஓட்டலாம், மாடி ஏறலாம். நெஞ்சில் அடிபடக்கூடிய கபடி போன்ற ஆட்டங்களை மட்டும் விட்டிருக்கிறேன். ஆகவே என் புத்தகப் பையை எனக்காகத் தூக்க வேண்டாம், அன்புக்கு நன்றி. பெட்டி நின்றால் நானும் நின்றுவிடுவேனா என்று கேட்ட நண்பருக்கும் விடை சொல்லிவிடுகிறேன். என் கீழறைக்கு முப்பத்தெட்டு என்னும் சொந்தத் துடிப்பு உண்டு. எல்லா நோயாளிகளுக்கும் அது இருப்பதில்லை. எனக்கும் அதையே நம்பியிருப்பது அறிவன்று. அதனால்தான் சோதனை நாளை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

அதற்குப் பதிலாக நீங்கள் ஒன்று செய்யுங்கள். இன்றே உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். ஓய்வில் அறுபதிலிருந்து நூறுக்குள் இருப்பது இயல்பு. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு ஐம்பதுக்குக் கீழும் இருக்கலாம், அது நோயன்று. ஆனால் நாடி மெதுவாக இருப்பதோடு தலைச்சுற்றலோ மயக்கமோ வந்தால், “வெயில்”, “சாப்பிடாத களைப்பு” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். சில நிமிட வேலை அது.

யாரேனும் மயங்கி விழுந்தால் சுற்றிக் கூட்டம் கூடாதீர்கள். தூக்கி உட்காரவைக்காமல், மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நாடியை எண்ணி மருத்துவரிடம் சொல்லுங்கள். அழைத்தும் விழிக்காமல் மூச்சும் நின்றிருந்தால் 108க்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் அதைச் செய்யலாம், தயங்க வேண்டியதில்லை.

தெரியாத பொருள் எதுவும் அச்சம் தரும். அது நம் நெஞ்சுக்குள்ளேயே இருந்தால் அச்சம் இன்னும் பெரிது. எனக்கு மருந்து பாதி தைரியம் தந்தது; விளக்கம் மறுபாதியைத் தந்தது. நோயாளிக்கு அவனுடைய நோயையும் கருவியையும் அவன் மொழியில் விளக்கிச் சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ ஆசிரியராகவோ ஆகப்போகும் உங்களுள் யாரேனும் ஒருவர், அஞ்சிக் கிடக்கும் ஒரு நோயாளியின் அருகே அமர்ந்து ஐந்து நிமிடம் பேசுவீர்களானால், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.